வெயில் ஊருக்கு எத்தனை நம்பர் ஆயில்?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் படித்தாலும் புரியும். காட்பாடியில் வீடு. இரண்டு வருடம் ஆன பெட்ரோல் கார். மேனுவலில் இன்ஜின் ஆயில் 0டபிள்யூ-20 (0W-20) என்று போட்டிருக்கிறது. தெருமுனை மெக்கானிக் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்துவிட்டு, "தண்ணி மாதிரி இருக்கு சார். குளிர் நாட்டுக்குச் செஞ்ச ஆயில் இது. நம்ம வெயிலுக்கு 20-50 ஊத்துங்க, அப்பதான் இன்ஜின் உழைக்கும்" என்கிறார். வீட்டில் அப்பாவின் ஸ்ப்ளெண்டரும் மாமாவின் பழைய புல்லட்டும் நிற்கின்றன. ஒரே கேன் வாங்கி மூன்றுக்கும் ஊற்றலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

காருக்கு மேனுவலில் உள்ளதையே ஊற்றுங்கள். ஸ்ப்ளெண்டருக்கு 10டபிள்யூ-30, புல்லட்டுக்கு 50 நம்பர், அதாவது 50 என்று முடியும் ஆயில். ஒரே கேன் வேண்டாம். அவசரம் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அந்த மெக்கானிக் விவரம் தெரியாதவர் இல்லை. அவர் சொன்னது ஒரு காலத்து இன்ஜினுக்கு முழுக்கச் சரி, சில இன்ஜின்களுக்கு இன்றைக்கும் சரி. எது எதற்குச் சரி என்று தெரிந்துகொண்டால் அடுத்த முறை நீங்களே முடிவு செய்யலாம். நான் குவைத்தில் ஒரு கராஜில் ஆறு வருடம் வேலை பார்த்தேன், அதன்பிறகு வேலூரில்தான் ஒர்க் ஷாப். இரண்டும் வெயிலுக்குப் பேர் போன ஊர். அதனால் இந்தக் கேள்வியை வாரத்துக்கு இரண்டு தடவையாவது கேட்கிறேன்.

அதிரசத்துக்கு வெல்லப் பாகு காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். அடுப்பில் கொதிக்கும்போது கரண்டியிலிருந்து நீராக ஒழுகும். அதையே ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டால் உருண்டை பிடிக்கும். பாகு ஒன்றுதான், சூட்டைப் பொறுத்துக் கெட்டியாகிறது, இளகுகிறது. ஆயிலும் அப்படித்தான். பள்ளிப் புத்தகத்தில் இந்தக் குணத்துக்குப் பாகுநிலை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆகவே "இந்த ஆயில் கெட்டி, அந்த ஆயில் தண்ணி" என்று யாராவது சொன்னால், எந்தச் சூட்டில் என்று திருப்பிக் கேளுங்கள்.

கேனில் உள்ள இரண்டு எண்ணும் இரண்டு சூட்டைப் பற்றியவை. டபிள்யூ என்பது விண்டர், அதாவது குளிர்காலம். அதற்கு முன்னால் உள்ள எண், உறைபனியில் இன்ஜின் சுற்றுமா என்பதைச் சொல்வது. 0டபிள்யூ ஆயிலை மைனஸ் 35 டிகிரியில் சோதிப்பார்கள், 20டபிள்யூவை மைனஸ் 15-இல். மார்கழி விடியலில் ஏலகிரி மலைமேல் நின்றாலும் நமக்கு அந்தக் கவலை கிடையாது. 20டபிள்யூவே நமக்குத் தாராளம். முன் எண்ணைப் பார்த்து "இது குளிர் நாட்டு ஆயில்" என்று ஒதுக்குவது இங்கிருந்து வரும் தவறு. குளிரில் உறையாது என்றுதான் அந்த எண் சொல்கிறது. வெயிலில் தாங்காது என்று சொல்லவில்லை. 0டபிள்யூ-40 என்றுகூட ஆயில் இருக்கிறது. சூட்டில் அது 15டபிள்யூ-40 நிற்கும் அதே வரம்புக்குள்தான் நிற்கும்.

வெயில் ஊர்க்காரர் பார்க்கவேண்டியது பின்னால் உள்ள எண். அது 100 டிகிரி சூட்டில் அளப்பது, சென்டிஸ்டோக்ஸ் என்ற அளவில். 20 நம்பர் என்றால் 6.9 முதல் 9.3 வரை. 30 என்றால் 9.3 முதல் 12.5. 40 என்றால் 12.5 முதல் 16.3. 50 என்றால் 16.3 முதல் 21.9. நாம் குடிக்கும் தண்ணீர் சாதாரணச் சூட்டில் ஏறக்குறைய 1. அப்படியென்றால், "தண்ணி மாதிரி" என்று உங்கள் மெக்கானிக் சொன்ன 20 நம்பர் ஆயில், 100 டிகிரியில் கொதிக்கக் கொதிக்க இருக்கும்போதும் தண்ணீரைவிட ஏழெட்டு மடங்கு கெட்டி.

இப்போது காலை ஆறு மணிக்கு வாருங்கள். வெளியே 30 டிகிரி. ராத்திரி முழுக்க ஆயில், இன்ஜினின் அடியில் உள்ள தொட்டியான சம்பில் இறங்கிக் கிடக்கிறது. அந்த நேரத்தில் 0டபிள்யூ-20 ஏறத்தாழ 70-இல் இருக்கும். 5டபிள்யூ-30 சுமார் 95. 20டபிள்யூ-50 எடுத்தால் 280-ஐத் தொடும். சூடான இன்ஜினுக்குத் தேவைப்படுவது 8-உம் 10-உம். அதாவது நம் ஊரிலும் வண்டியை எடுக்கும்போது எல்லா ஆயிலுமே தேவைக்கு மேல் பல மடங்கு கெட்டி. ஆயில் பம்ப் இழுத்து, ஃபில்டரைத் தாண்டி, இன்ஜின் ஹெட்டில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் வரை ஏற்றும்வரை இரும்பு மேல் இரும்பு ஓடுகிறது. இன்ஜின் தேய்வதில் பெரிய பங்கு இந்தச் சில நொடிகளில்தான். காலையில் வண்டி எடுத்ததும் கடகடவென்று ஒரு சத்தம் வந்து அடங்குகிறதா? அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணிப் பாருங்கள். கெட்டி ஆயில் ஊற்றிய புது இன்ஜினில் அந்த எண்ணிக்கை கூடும்.

சரி, பகல் 42 டிகிரியில் ஆயில் இளகாதா என்றால், காருக்குள் இருப்பது வேறு கணக்கு. சூட்டைத் தணிக்கும் திரவமான கூலண்ட் ஓடும் இன்ஜினில் தெர்மோஸ்டாட் என்று ஒரு வால்வு உண்டு. பெரும்பாலான கார்களில் 80 டிகிரியைத் தாண்டியதும் திறக்கத் தொடங்கும். அது திறந்தும் மூடியும், ரேடியேட்டர் ஃபேன் ஓடியும் நின்றும், கூலண்டை 90-ஐ ஒட்டியே வைத்திருக்கும். ஊட்டியில் ஓட்டினாலும் அப்படித்தான், ஆற்காட்டில் ஓட்டினாலும் அப்படித்தான். ஆயில் அதற்குச் சற்று மேலே, 100-ஐ ஒட்டி நிற்கும். வெளியே 15 டிகிரி கூடினால் ஆயிலிலும் அப்படியே 15 கூடிவிடாது, சில டிகிரிதான் ஏறும். குவைத்தில் மித்ரிபா என்ற இடத்தில் 2016 ஜூலை 21 அன்று 53.9 டிகிரி பதிவாயிற்று. அந்த நாட்டுச் சாலைகளில் 30 நம்பர் ஆயிலோடு கார்கள் அன்றாடம் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. எங்கள் கராஜுக்குக் கோடையில் கட்டி இழுத்து வந்த வண்டிகளில் ஆயில் நம்பரால் போனது என்று ஒன்றை நான் பார்த்ததில்லை. மணல் அடைத்த ரேடியேட்டர், ஓடாத ஃபேன், கூலண்டுக்குப் பதில் வெறும் தண்ணீர், மாதக்கணக்கில் மாற்றாத ஆயில், இவைதான் வரும்.

ஆயில் சூட்டை உண்மையில் ஏற்றுவது வேலைப்பளு. ஐந்து பேரும் மூட்டைகளுமாக ஏசி போட்டுக்கொண்டு மலை ஏறுவது, நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் விரட்டுவது, டர்போ இன்ஜினை ஓயாமல் மிதிப்பது. அப்போது ஆயில் 120, 130 டிகிரிக்குப் போகும். என் கணக்கு இது: 12 முதல் 15 டிகிரி ஏறினால் ஆயில் ஒரு நம்பர் இறங்கிவிடும். 100 டிகிரியில் 30 நம்பர் இருக்கும் கெட்டி, 112-இல் 40 நம்பருக்கும் 125-இல் 50 நம்பருக்கும் கிடைக்கும். உங்கள் ஆயில் நிஜமாகவே 125 டிகிரியில் ஓடுகிறது என்றால் 40-உம் 50-உம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 95-இல் ஓடும் சிட்டி காருக்கு அந்த நியாயம் பொருந்தாது.

கெட்டியாக ஊற்றினால் கூடுதல் பாதுகாப்புத்தானே, என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு காரைச் சொல்வேன். இரண்டு கோடைக்கு முன் ஒரு ஆசிரியர் கொண்டுவந்தார். வேறு ஒரு இடத்தில் 20டபிள்யூ-50 ஊற்றியிருக்கிறார்கள், மூன்றாவது நாளிலிருந்து இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரை மாட்டினால் வால்வு டைமிங் கோளாறு என்று வருகிறது. இன்றைய பெட்ரோல் இன்ஜின்களில் வால்வு எப்போது திறக்கவேண்டும் என்பதை ஓட்டத்திலேயே மாற்றுகிறார்கள். அந்த வேலையைச் செய்வது ஆயில் பிரஷர். பென்சில் முனை அளவுத் துளை, அதன் வாயில் கொசுவலை போலச் சின்னச் சல்லடை, அதன் வழியாக ஆயில் போய்க் கேம் ஷாஃப்டைச் சில டிகிரி திருப்பவேண்டும். கம்ப்யூட்டர் கட்டளை போட்ட நொடியில் திரும்பவில்லை என்றால் விளக்கு எரியும். அந்த காரில் ஆயிலை வடித்தேன். சம்ப் போல்ட்டைக் கழற்றியதும் தேன் போல மெதுவாக இறங்கியது. அவர் மேனுவலில் இருந்த ஆயிலும் புது ஃபில்டரும் போட்டு, ஸ்கேனரில் பதிவாகியிருந்த கோளாறுக் குறியீட்டை அழித்துக் கொடுத்தேன். பிறகு அந்த விளக்கு வரவில்லை. ஒரு பாகமும் மாற்றவில்லை.

இன்னொரு நம்பிக்கை, கெட்டி ஆயில் ஊற்றினால் பிரஷர் கூடும், பிரஷர் கூடினால் நல்லது என்பது. பிரஷர் என்பது ஓட்டத்துக்கு வரும் தடை. ஒரு வரம்பைத் தாண்டினால் பம்பில் உள்ள ரிலீஃப் வால்வு திறந்து மிச்ச ஆயிலைச் சம்புக்கே திருப்பி அனுப்பிவிடும். இன்ஜினில் சுழலும் தண்டான கிராங்கைத் தாங்கும் பேரிங்குக்கு அது போகாது. பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவில் உள்ள இடைவெளி தலைமுடி அகலம்கூட இல்லை. அதற்குள் ஆயில் நுழைந்து வெளியேறிக்கொண்டே இருந்தால்தான் அங்குள்ள சூட்டையும் அள்ளிக்கொண்டு போகும். ஓட்டம் குறைந்தால் குளிர்ச்சியும் குறையும். அப்புறம் மைலேஜும் பிக்கப்பும் அடிவாங்குவதை நீங்களே உணர்வீர்கள்.

மெக்கானிக் சொன்னதில் உண்மை எங்கே என்று சொல்கிறேன் என்றேன். 0டபிள்யூ-20 போன்ற ஆயில்கள் இவ்வளவு பரவியதற்கு எரிபொருள் சிக்கனச் சட்டங்களும் ஒரு காரணம். அமெரிக்காவில் 1978 மாடல் கார்களிலிருந்து, நம் நாட்டில் 2017-லிருந்து, கம்பெனி விற்கும் கார்களின் சராசரி எரிபொருள் செலவுக்கு வரம்பு உண்டு. ஆயில் இளகலாக இருந்தால் உராய்வு குறையும், கணக்கில் சில புள்ளி கிடைக்கும். அதனால்தான் ஒரே இன்ஜினுக்கு ஒரு நாட்டு மேனுவலில் ஒரே ஒரு ஆயிலும், வளைகுடா மேனுவலில் நாலைந்து ஆயிலும் போட்டிருப்பார்கள். ஆகவே மேனுவலில் அந்தப் பக்கத்தை முழுக்கப் படியுங்கள். பல மேனுவல்களில் தெர்மாமீட்டர் போல ஒரு படம் இருக்கும். எந்த வெப்பநிலைக்கு எந்த ஆயில் என்று பட்டைகள் போட்டிருப்பார்கள். உங்கள் மேனுவலில் 0டபிள்யூ-20-ஓடு 5டபிள்யூ-30-உம் இருந்தால், வேலூரில் ஓட்டும், அடிக்கடி ஆள் ஏற்றி மலைப்பக்கம் போகும் உங்களுக்கு நான் 5டபிள்யூ-30-ஐயே சொல்வேன். 0டபிள்யூ-20 ஒன்றுதான் போட்டிருக்கிறது என்றால் அதிலேயே இருங்கள். வாரண்டி முடியும்வரை அதை மீற வேண்டாம், பில்லையும் பத்திரமாக வையுங்கள். பட்டியலில் இல்லாத 20டபிள்யூ-50-க்கு ஒரேயடியாகத் தாவுவதை எந்த நிலையிலும் ஒப்புக்கொள்ளமாட்டேன். அம்பாசிடரும் பழைய மாருதி 800-உம் ஓடிய காலத்தில் கடையில் கிடைத்த பொது ஆயில் 20டபிள்யூ-40. அந்த இன்ஜின்களில் தொழில் கற்ற கைக்கு அந்தக் கெட்டிதான் ஆயில் என்று படிந்துவிட்டது. அது அந்த இன்ஜின்களுக்குக் குறையில்லாமல் உழைத்தது.

லட்சத்து ஐம்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டிய வண்டி வேறு விஷயம். இன்ஜின் நன்றாகச் சூடேறி, சிக்னலில் நிற்கும்போது ஆயில் விளக்கு கண்சிமிட்டுகிறது, வால்வுப் பக்கம் டக்டக்கென்று டேப்பெட் சத்தம் கேட்கிறது, ஆயில் குறைந்துகொண்டே வருகிறது என்றால், ஒரு நம்பர் ஏற்றலாம். 30-லிருந்து 40. அதற்கு முன் பிரஷர் கேஜ் மாட்டி அளந்து, லீக் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சென்சார் கெட்டுப்போய் விளக்கு எரிந்த வண்டிகளும் உண்டு.

உங்கள் நண்பரின் டீசல் வண்டியையும் குறிப்பிட்டிருந்தீர்கள். 2020 ஏப்ரல் 1-க்குப் பின் வந்த, பிஎஸ்6 என்ற புகை விதிப்படி செய்த டீசலில் சைலன்சர் பாதையில் புகைத்தூளைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் இருக்கும். லாரிக்கு ஊற்றும் பழைய ரக 15டபிள்யூ-40-ஐ அதில் ஊற்றினால் ஆயிலில் உள்ள சாம்பல் போய் அந்த ஃபில்டரை நிரந்தரமாக அடைக்கும். சாம்பல் எரிந்து போகாது. அங்கே நம்பரைவிட கேனின் பின்பக்கம் உள்ள தர எழுத்துகள் முக்கியம். மேனுவலில் சிகே-4 என்றோ சி3 என்றோ போட்டிருந்தால் அதே எழுத்து கேனிலும் இருக்கவேண்டும்.

இப்போது பைக். இங்கேதான் வெயில் நேராக இன்ஜின்மேல் விழுகிறது. ஸ்ப்ளெண்டருக்கும் புல்லட்டுக்கும் ரேடியேட்டர் கிடையாது, காற்றுதான் குளிரவைக்கிறது. வரும் காற்றே 42 டிகிரி என்றால் சிலிண்டரும் அதற்கேற்பச் சூடாகும். வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பில் நெரிசலில் நின்றுவிட்டால் அந்தக் காற்றும் இல்லை. இருந்தும் பாருங்கள், அதே வெயிலில் ஓடும் மூன்று வண்டிக்கு மூன்று ஆயில் சொல்கிறார்கள். ஸ்ப்ளெண்டருக்கு 10டபிள்யூ-30, பழைய பல்சருக்கு 20டபிள்யூ-50, இன்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டில் இருக்கும் யூசிஇ இன்ஜின் வந்த புல்லட்டுக்கு 15டபிள்யூ-50. ஊர் ஒன்றாக இருந்தும் ஆயில் மாறுகிறது என்றால், அதைத் தீர்மானிப்பது இன்ஜினின் அமைப்பு. நூறு சிசி இன்ஜினில் சூடு குறைவு, பாரம் குறைவு. புல்லட்டில் பெரிய பிஸ்டன். மாமாவுடையது இரும்பு பேரல், அதாவது இரும்பு சிலிண்டர் வந்த பழைய மாடல் என்றால் 20டபிள்யூ-50 ஊற்றுங்கள், அதன் கியர் பாக்ஸ் ஆயில் தனி என்பதையும் மறக்க வேண்டாம்.

பைக்கில் இன்னொரு விஷயம். பெரும்பாலான வண்டிகளில் இன்ஜின், கியர், க்ளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில்தான் நனைகின்றன. 10டபிள்யூ-30 போன்ற இரட்டை எண் ஆயிலில் சூட்டிலும் கெட்டி குறையாமல் இருக்க நீளமான பாலிமர் இழைகளைச் சேர்த்திருப்பார்கள். கியர்ப் பற்கள் அந்த இழைகளை நறுக்கிக்கொண்டே இருக்கும். அதனால் பைக்கில் ஆயில் காரைவிடச் சீக்கிரம் இளகிவிடும். இன்ஜினில் இருப்பதும் சுமார் ஒரு லிட்டர்தான். நாள் பட பட கியர் மாற்றும்போது கரகரவென்று இருப்பதும், ஆயில் மாற்றியதும் வெண்ணெய் போல விழுவதும் இதனால்தான். கோடையில் நம்பரை ஏற்றுவதற்குப் பதில் மாற்றும் இடைவெளியைக் குறையுங்கள். கம்பெனி சொன்ன கிலோமீட்டருக்கு ஐந்நூறு, அறுநூறு முன்னாலேயே மாற்றிவிடச் சொல்வேன்.

கார் ஆயில் மிச்சம் இருக்கிறதே என்று பைக்கில் ஊற்றாதீர்கள். 20, 30 நம்பர் கார் ஆயில்களில் மைலேஜுக்காக வழுக்கல் மருந்து சேர்ப்பது வழக்கம். க்ளட்ச் தட்டு அந்த ஆயிலில் நனைந்தால் பிடிக்காது. அப்படி ஊற்றிய ஒரு பையன் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவில் பாதி ஏறுவதற்குள், த்ராட்டில் திருகினால் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை என்று போன் செய்தான். பைக் ஆயில் கேனில் ஜாசோ என்ற ஜப்பான் தரக் குறியீடான எம்ஏ அல்லது எம்ஏ2 இருக்கவேண்டும். ஸ்கூட்டரில் க்ளட்ச் ஆயிலில் நனையாது, அதனால் அதற்கு எம்பி.

வெயில் ஆயிலைக் கெடுப்பது உண்மைதான், ஆனால் வேறு வழியில். சூடு 10 டிகிரி ஏறினால் ஆயில் காற்றோடு சேர்ந்து கெடும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ஆயிலின் இளகலான பகுதி ஆவியாகவும் போகும். 0டபிள்யூ-20 ஊற்றும் வண்டிகளில் இதைக் கவனிக்கவேண்டும், மாதம் ஒருமுறையாவது டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். காலையில், வண்டி எடுப்பதற்கு முன், சமதரையில். உருவித் துடைத்து, திரும்ப முழுக்கச் சொருகி உருவுங்கள். மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவில் இருந்தால் போதும், மேல் கோட்டைத் தாண்டியும் ஊற்றாதீர்கள், கிராங்க் அடித்து நுரைத்துவிடும். மூன்றரை லிட்டர் பிடிக்கும் இன்ஜினில் ஒரு லிட்டர் குறைந்தால், மிச்சம் இருப்பது அத்தனை சூட்டையும் சுமந்து அடிக்கடி சுற்றவேண்டும். நம் ஊர்க் கோடையில் இன்ஜின்கள் போவதற்கு நான் பார்த்த காரணங்களில் இதுவே அதிகம். ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் நடுவில் அடைத்த தூசியைச் சித்திரைக்கு முன்னாலேயே தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள். வெறும் தண்ணீர் ஓடுகிறதென்றால் கூலண்ட் மாற்றுங்கள். கெட்டி ஆயிலிலிருந்து எதிர்பார்க்கும் பாதுகாப்பு இந்த இரண்டு வேலையிலிருந்தே கிடைக்கும்.

கடைசியாக, வழியில் எங்காவது ஆயில் குறைந்து, கிடைக்கும் கடையில் உங்கள் நம்பர் இல்லை என்றால் தயங்காதீர்கள். 10டபிள்யூ-30 இருந்தாலும் சரி, வேறு வழியே இல்லாமல் 20டபிள்யூ-40 இருந்தாலும் சரி, அரை லிட்டர் ஊற்றிக்கொண்டு வீடு வந்து சேருங்கள். குறைந்த ஆயிலோடு ஓட்டுவதைவிட அது எவ்வளவோ மேல். பெட்ரோல் கார் ஆயிலா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள், கியர் பாக்ஸுக்கு ஊற்றும் 90 நம்பர் ஆயிலைக் கொடுத்தால் வாங்காதீர்கள். வந்த பிறகு, அடுத்த சர்வீஸை முன்தள்ளி முழுவதையும் வடித்து உங்கள் நம்பரையே ஊற்றிவிடுங்கள்.